பௌதிகவியலை விட்டுவிடட்டுமா, டீச்சர்?

கேள்வி: உயிரியல் பிரிவில் 13ஆம் தரம் படிக்கிறேன். உயிரியலிலும் இரசாயனவியலிலும் 60க்கு மேல் வரும். பௌதிகவியலில் போன தவணை 28தான். பல்தேர்வில் 24 சரி, எழுத்து வினாக்களில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பாடசாலையில் ஒரு வருடமாக பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்கு டியூஷன் போகிறேன், பாதி புரிவதில்லை. பௌதிகவியலை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் 'ஏ' எடுத்தால் என்ன? சிநேகிதி விவசாய விஞ்ஞானத்துக்கு மாறச் சொல்கிறாள். கொழும்பில் வேலை செய்து டியூஷன் காசு அனுப்பும் அண்ணனோ, "தோட்டத்தில் பிறந்து மறுபடியும் மண்வெட்டியா?" என்கிறார். பரீட்சைக்கு எட்டு மாதம் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், டிக்கோயா

பதில்: விட்டுவிடுவது பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், பிள்ளை. வேண்டாம். உயர்தரத்தில் இருப்பதே மூன்று பாடம். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்றிலும் ஒரே தடவையில் குறைந்தது 'எஸ்', அதாவது 35 புள்ளிச் சாதாரண சித்தி, வேண்டும். இரண்டு 'ஏ'யும் ஒரு 'எஃப்'பும் வைத்திருக்கும் பிள்ளையை விட மூன்று 'எஸ்' எடுத்த பிள்ளைக்குத்தான் அங்கே வழி. கல்வியியற் கல்லூரிக்குப் போக நினைத்தாலும் மூன்று சித்திகளையே கேட்பார்கள்.

இனி அந்த 28ஐப் பார்ப்போம். நீங்கள் அதை ஒரே எண்ணாகப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். பல்தேர்வு முதலாம் வினாத்தாள், எழுத்து இரண்டாம் வினாத்தாள்; இரண்டுக்கும் இறுதிப் புள்ளியில் பாதிப் பாதி. பல்தேர்வில் 50க்கு 24 எடுத்த உங்களுக்கு 35ஐத் தொட இன்னும் 11 போதும். அதாவது இரண்டாம் வினாத்தாளில் நூற்றுக்கு 22. பௌதிகவியலே விளங்காத பிள்ளை பல்தேர்வில் 24 எடுக்காது. எழுதுவதில்தான் எங்கோ சிக்கல் இருக்கிறது.

அது எங்கே என்றும் ஊகிக்க முடிகிறது. உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் சாதாரண தரத்தோடு கணிதத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிடுகிறார்கள். பிறகு விசையை இரு திசையில் பிரிக்க சைன், கோசைன் வரும்போதும், வரைபின் படித்திறனிலிருந்து ஒரு மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொல்லும்போதும் பேனை நின்றுவிடும். கணிப்பானுக்கும் அனுமதி இல்லை, எல்லாம் கையால்தான். ஆகவே அடுத்த இரண்டு வாரம் பௌதிகவியல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பத்தாம் பதினோராம் தரக் கணிதப் புத்தகத்தில் திரிகோணகணிதம், மடக்கை, வரைபு, சூத்திரத்தில் எழுவாய் மாற்றல் ஆகியவற்றை மட்டும் செய்யுங்கள். பாடசாலையில் கணித ஆசிரியர் இருப்பார் அல்லவா? பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்ற குறையில் பாதியை அவரே தீர்த்துவைப்பார்.

அடுத்தது இரண்டாம் வினாத்தாளின் முதல் பகுதியான அமைப்புக் கட்டுரை. நான்கு வினா, நான்குமே கட்டாயம். பெரும்பாலும் ஆய்வுகூடச் செய்முறைகளைச் சுற்றியே வரும்: வேணியர் இடுக்கி, மீற்றர்ப் பாலம், பரிவுக் குழாய், கலவை முறை. உபகரணத்தைத் தொட்டுப் பார்க்காமல் உயர்தரம் எழுதும் பிள்ளைகள் நம் மலையகத்தில் எத்தனையோ பேர். அது உங்கள் குற்றமில்லை. அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் சாமான்களை ஒரு பின்னேரம் வெளியே எடுத்துத் தரும்படி நாலு பிள்ளைகள் சேர்ந்து அதிபரிடம் கேளுங்கள். கட்டுரைப் பகுதியில் ஆறில் நான்கு எழுதினால் போதும், பிடிக்காததைத் தள்ளிவிடலாம். பாடத்தை விட்டுவிடும் ஆசையை அந்த இரண்டு வினாக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிநேகிதி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விவசாயப் பட்டப்படிப்புக்கு உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மாறினால் மருத்துவமும் பல்மருத்துவமும் போய்விடும். எட்டு மாதத்தில் இரண்டு வருடப் பாடத்தையும் முடிக்க வேண்டும். அதைத் தமிழில் கற்பிக்க உங்கள் பாடசாலையில் ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் ஆசிரியர் இல்லாத ஒரு பாடத்திலிருந்து ஆசிரியர் இல்லாத இன்னொரு பாடத்துக்குத்தான் போவீர்கள். ஆள் இருந்து, மருத்துவம் உங்கள் கனவும் இல்லையென்றால், மாறுங்கள். பரீட்சை விண்ணப்பம் போகுமுன் முடிவெடுக்க வேண்டும். அதற்குமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நீங்கள் விரும்பும் துறைக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்று நீங்களே வாசியுங்கள். யாரோ சொன்னதை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான்.

இசட் புள்ளியையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளியை அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியோடும் பார்த்து, பிறகு மூன்றையும் சேர்த்து எடுப்பது அது. பௌதிகவியலில் 'எஸ்' எடுத்துக்கொண்டு மருத்துவ பீடத்தை எதிர்பார்ப்பது கஷ்டம். அதை மறைக்க விரும்பவில்லை. நுவரெலியா மாவட்டத்துக்கு மாவட்ட ஒதுக்கீட்டோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்திலும் பங்கு உண்டு. அது ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான். முதல் தடவையில் சரிவராவிட்டால் பல்கலைக்கழக அனுமதிக்கு மொத்தம் மூன்று தடவை எழுதலாம். இதை அம்மாவிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. வெயிலிலும் மழையிலும் மலையேறி, கொழுந்து நிறுவையில் கிலோ குறைத்துப் போடப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர் அப்படித்தான் பேசுவார். ஆனால் மண்ணையும் பயிர் நோயையும் விஞ்ஞானமாகப் படிப்பதும் மண்வெட்டி பிடிப்பதும் ஒன்றல்ல. பேராதனையிலும் பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலும் அந்தப் படிப்பு இருக்கிறது. படித்தவர்கள் ஆராய்ச்சிக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் போகிறார்கள். நம் தோட்டங்களில் துரை பங்களாவுக்கு நம் பிள்ளை ஒன்று போனால் என்ன கெட்டுவிடும் என்று அண்ணனிடமே கேட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு, உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையிலும் 30 வேண்டும். மூன்று பாடத்தின் பரபரப்பில் அதைக் கடைசி நாள்வரை விட்டுவிடாதீர்கள்.