வீட்டுல கட்டுற பிளேனுக்கு லேண்டிங் லைட்: லூமென் நம்பரைப் பார்த்து வாங்கிடாதீங்க

அமெரிக்காவுல கராஜ்ல பிளேன் கட்டிக்கிட்டு இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட இருந்து இந்த தடவை லைட்டைப் பத்தி மட்டுமே ஒரு கட்டு கேள்வி வந்திருக்கு, அதனால மத்ததையெல்லாம் ஓரமா வச்சுட்டு இதையே பார்த்துடலாம்.

கேள்வி: அண்ணே, டெக்சாஸ்ல இருக்கேன், ஆர்வி-7 டெயில்வீல் (வாலுக்கடியில சின்னச் சக்கரம் வர்ற கிட் பிளேன்) கட்டிக்கிட்டு இருக்கேன், இன்னும் கொஞ்ச நாள்ல விங் மூடிடுவேன். ஜீப்புக்கு மாட்டுற ஆஃப்ரோடு எல்இடி லைட் ஜோடியா ஆன்லைன்ல 40 டாலருக்கு கிடைக்குது, ஒண்ணு 36 வாட், 12,000 லூமென்னு போட்டிருக்கான். ஏவியேஷன் கம்பெனிக்காரன் லைட் ஒண்ணே அதுக்கு பல மடங்கு விலை, லூமென்னும் கம்மியா போட்டிருக்கான். எதுக்கு அவ்ளோ காசு குடுக்கணும்?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 12,000 என்ற நம்பரை மறந்துடுங்க. 36 வாட்ல 12,000 லூமென்னா ஒரு வாட்டுக்கு 330க்கு மேல வருது. கடையில கிடைக்கற நல்ல எல்இடி, டிரைவர்ல (எல்இடிக்குக் கரென்ட்டை அளந்து விடற சர்க்யூட்) போறது லென்ஸ்ல போறது எல்லாம் கழிச்சா வாட்டுக்கு 100 குடுத்தாலே பெரிய விஷயம். அதுலயும் பாதி லைட்டுங்க 36 வாட்டே இழுக்காது, ஒரு 12 வோல்ட் பேட்டரியில மாட்டி நடுவுல ஆம்மீட்டர் வச்சுப் பாருங்க, வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்குனா உண்மையான வாட் வந்துடும், அதை 100ஆல பெருக்குனா ஓரளவுக்கு உண்மையான லூமென் வந்துடும். இந்த ஒரு சோதனையிலயே பாதி டப்பா லைட்டுங்க கழண்டுடும்.

ஆனா நிஜமான லூமென் தெரிஞ்சாலும் அது பாதிக் கதைதான். லூமென் மொத்த வெளிச்சம். உங்களுக்கு வேணுங்கறது ஒரே திசையில எவ்ளோ போகுதுங்கறது, அதுக்குப் பேரு கேண்டெலா. கணக்கு போட்டுப் பாருங்க, நெஜமாவே 3,400 லூமென் குடுக்கற ஒரு லைட்டை எடுத்துக்கோங்க, அதை 60 டிகிரி விரிச்சு விட்டா சுமாரா 4,000 கேண்டெலாதான் வரும், 10 டிகிரிக்குள்ள ஒடுக்குனா லட்சத்தைத் தாண்டும். 100 மீட்டர் தள்ளி தரையில விழற வெளிச்சம் முதல் லைட்ல 0.4 லக்ஸ், ரெண்டாவதுல 10 லக்ஸுக்கு மேல. 0.4 லக்ஸ்னா பௌர்ணமி நிலா வெளிச்சத்தை விட கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்! பழைய ஜிஇ 4509 பல்ப் தெரியும்ல, செஸ்னாவுல பைப்பர்ல எல்லாம் இருக்குமே, 100 வாட் இழைபல்பு, அதோட ஆயுசு வெறும் 25 மணி நேரம்னு அவனே போட்டிருப்பான், ஆனா 1,10,000 கேண்டெலா குடுக்கும். லூமென் போட்டி வச்சா அது இன்னைக்கு எல்இடிகிட்ட தோத்துடும், ரன்வேயில தோக்காது.

ஆர்வி-7 அப்ரோச்ல, அதாவது எறங்க வரும்போது, 65 நாட்ல வர்றீங்கன்னு வைங்க, செகண்டுக்கு 33 மீட்டர். 100 மீட்டர் முன்னாடி வரைக்கும்தான் வெளிச்சம் போகுதுன்னா உங்க கையில இருக்கறது 3 செகண்டு. அதனாலதான் லேண்டிங்குக்கு ஒடுக்கமான ஸ்பாட் பீம் வேணும், டாக்சிக்கு, அதாவது தரையில ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு, அகலமான ஃப்ளட் வேணும்னு சொல்றது. ரெண்டையும் ஒரே லைட்ல எதிர்பார்க்காதீங்க.

சரி, ஆஃப்ரோடு லைட் வாங்கவே கூடாதான்னா, அப்படியும் இல்ல. பாஹா டிசைன்ஸ் மாதிரி பேர் போன ஆஃப்ரோடு கம்பெனி லைட்டை ஆர்வி கட்டுறவங்க நெறைய பேரு மாட்டிக்கிட்டுதான் இருக்காங்க, உங்களுது எக்ஸ்பெரிமென்டல் (வீட்டுல கட்டுற பிளேன் எல்லாம் வர்ற வகை), அதனால ஏவியேஷன் அப்ரூவல் வாங்கின லைட்தான் போடணும்னு கட்டாயம் இல்ல. ஆனா அது 40 டாலர் ஜோடி கெடையாது. ஏரோஎல்இடிஸ், வீலன், ஆஸ்திரேலியாவோட ஃப்ளைஎல்இடிஸ் இவங்ககிட்ட நீங்க கூடுதலா குடுக்கற காசு வெளிச்சத்துக்குன்னு நெனைக்காதீங்க, ரேடியோ சத்தம் வராத டிரைவருக்கும், சூட்டைத் தாங்கற பாடிக்கும் சேர்த்துதான். என்னைக் கேட்டா லேண்டிங் ஸ்பாட்டுக்கு நல்லதா வாங்குங்க, டாக்சி ஃப்ளட்ல மிச்சம் பிடிங்க.

கேள்வி: ராத்திரி பறக்கணும்னா லேண்டிங் லைட் சட்டப்படி இருந்தே ஆகணுமா?

பதில்: வேண்டாம். எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) விதி 91.205ல நைட் விஎஃப்ஆருக்கு, அதாவது ராத்திரி கண்ணால வெளியப் பார்த்து ஓட்டறதுக்கு, நாவ் லைட்டும் (விங் நுனியில சிவப்பு பச்சையா வர்ற லைட்) ஆன்டி-கொலிஷன் லைட்டும் (மோதாம இருக்க மினுக்கறது) கட்டாயம், லேண்டிங் லைட் வாடகைக்கு ஓட்டுற பிளேனுக்கு மட்டும்தான், எக்ஸ்பெரிமென்டலை வாடகைக்கு ஓட்டவே முடியாது. ஆனா அதுக்காக லைட் இல்லாம போயிடாதீங்க. பகல்லயும் அடுத்தவன் கண்ணுல நீங்க படறது இந்த லைட்டாலதான், ஏர்போர்ட்டுக்கு 10 மைலுக்குள்ளயும் 10,000 அடிக்குக் கீழயும் பகல் ராத்திரி பார்க்காம போட்டு வைங்கன்னு எஃப்ஏஏவே சொல்லுது. அப்புறம், ஃபேஸ் ஒன், அதாவது புது பிளேனோட ஆரம்ப டெஸ்ட் ஃப்ளையிங், முடியற வரைக்கும் பொதுவா ராத்திரி பறக்கற பேச்சே கிடையாது, அது முடிஞ்சும் உங்க ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ் பேப்பரை (உங்க பிளேனை எப்படி ஓட்டலாம்னு எஃப்ஏஏ குடுக்கற நிபந்தனைகள்) படிச்சுட்டுதான் கெளம்பணும்.

கேள்வி: லீடிங் எட்ஜை (விங்கோட முன் ஓரம்) வெட்டி மாட்டுறதா, விங்டிப்ல (விங் நுனி) மாட்டுறதா? ஸ்கின்னை வெட்ட மனசே வரல.

பதில்: மனசு வராததுல தப்பே இல்ல, மாசக்கணக்கா ரிவெட் அடிச்ச ஸ்கின் அது. விங்டிப்ல இடம் இருக்கு, லென்ஸும் ஏற்கனவே இருக்கு, வெட்ட வேண்டிய வேலை கம்மி. ஆனா டிப்புக்குள்ள நாவ் ஆன்டெனா (வழி காட்டுற ரேடியோவுக்கானது) வைக்கப் போறீங்களான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, ஏன்னா ஆன்டெனாவும் எல்இடியும் ஒரே டப்பாவுக்குள்ள இருந்தா சண்டைதான். ரிமோட் மேக்னடோமீட்டரும் (திசை காட்டுற எலக்ட்ரானிக் காம்பஸோட சென்சார்) அந்தப் பக்கம் வந்தா இன்னும் கஷ்டம், பக்கத்துல ஓடுற லைட் வயர்ல கரென்ட் போனதும் ஹெடிங் சில டிகிரி நகர்ந்து நிக்கும், லைட்டை அணைச்சா திரும்ப வந்துடும்.

லீடிங் எட்ஜ்ல மாட்டுறதா இருந்தா ரெண்டு ரிப்புக்கு (விங்குக்குள்ள குறுக்க வர்ற சட்டம்) நடுவுல மட்டும் வெட்டுங்க, ரிப்பையோ ஸ்பாரையோ (விங்கோட நீளமான முதுகெலும்பு) தொடவே கூடாது, வெட்டின ஓரத்துல டப்ளர் (பலத்துக்கு வைக்கற கூடுதல் தகடு) போடணும், இடது விங்ல பிட்டோவும் (வேகம் அளக்கற குழாய்) ஸ்டால் வார்னிங்கும் எங்க வருதுன்னு பிளான்ல பார்த்துட்டு வெட்டுங்க. கவனிக்க வேண்டியது வெட்டின எடத்தை மூடற பிளெக்ஸி (தெளிவான பிளாஸ்டிக்) மூடி. குளிர்ல வேலை பண்ணாதீங்க, சாதா ட்ரில் பிட் போட்டா கடைசி நேரத்துல பிடிச்சு இழுத்து பட்டுனு விரிசல் விட்டுடும், பிளாஸ்டிக்குன்னே வர்ற பிட்டு இல்ல ஸ்டெப் பிட்டு எடுங்க, ஓட்டையை ஸ்க்ரூவை விட கொஞ்சம் பெருசா போடுங்க, ஸ்க்ரூவை இறுக்கித் தள்ளாதீங்க. அந்த ஸ்க்ரூவுக்கு லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம இருக்கற பசை) போடற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அது பிளெக்ஸியில பட்டா வெள்ளை வெள்ளையா நுண்ணிய விரிசல் ஓடிடும். மூடிக்குப் பின்னாடி 100 வாட் ஹேலோஜனை வச்சு ரன்-அப்ல (கெளம்பறதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டே இன்ஜினை சோதிக்கறது) பத்து நிமிஷம் நின்னா மூடி இளகிடும். எல்இடி முன்னாடி அவ்ளோ சூடு விடாது, ஆனா முதுகுல விடும், அதனால அலுமினிய மவுன்ட்ல நல்லா ஒட்டி உட்காரணும்.

கேள்வி: ஏற்கனவே மாட்டிட்டேன். லைட் போட்டா ரேடியோவுல உஸ்ஸ்ஸ்னு சத்தம், ஸ்குவெல்ச் (யாரும் பேசாதப்ப இரைச்சலை அடைச்சு வைக்கறது) தானா தெறக்குது. ஆல்டர்னேட்டரா இருக்குமா?

பதில்: இன்ஜினை அணைச்சுட்டு பேட்டரியில மட்டும் லைட்டைப் போடுங்க. சத்தம் வந்தா ஆல்டர்னேட்டர் மேல பழி போடாதீங்க, லைட்தான் குற்றவாளி. ஆல்டர்னேட்டர் சத்தம் ஆர்பிஎம் ஏறி எறங்கும்போது கூடவே கீச்சுனு ஏறி எறங்கும், உங்களுது அப்படி இல்ல.

என்ன ஆகுதுன்னா எல்இடிக்கு உள்ள இருக்கற டிரைவர் கரென்ட்டை செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுது, அதோட ஹார்மோனிக்ஸ் நம்ம பிளேன் ரேடியோவோட 118-137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறி வந்துடும், விங் முழுக்க ஓடுற உங்க வயரே ஆன்டெனாவா மாறி அதை ஊதிக்கிட்டு இருக்கும். லைட்டுக்குப் போற பாசிட்டிவையும் கிரவுண்டையும் ஒண்ணா முறுக்கி ஓட்டுங்க, இல்லன்னா ஷீல்டு வயர் போட்டு ஷீல்டை ஒரு முனையில மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க, ஃபெரைட்டை (வயர்ல மாட்டி ரேடியோ சத்தத்தை அடக்கற வளையம்) லைட்டை ஒட்டியே மாட்டுங்க, பேனல்கிட்ட மாட்டுனா அதுக்குள்ள வயர் ஊதி முடிச்சிருக்கும். லைட்டோட மெட்டல் பாடி நெஜமாவே கிரவுண்ட் ஆகுதான்னு மீட்டர் வச்சுப் பாருங்க, பெயின்ட் மேல ஸ்க்ரூ பண்ணி வச்சிருப்பாங்க. இதெல்லாம் பண்ணியும் சத்தம் கொறையலன்னா அந்த லைட்டோட மல்லுக்கட்டாதீங்க, மாத்திடுங்க.

இன்னும் வாங்காதவங்களுக்கு: பார்சல் வந்த அன்னைக்கே லைட்டை மேஜை மேல வச்சு பேட்டரியில போட்டு, பக்கத்துல ஹேண்ட்ஹெல்டு ஏர்பேண்ட் ரேடியோவை ஸ்குவெல்ச் தெறந்து வச்சு, தூரமா இருக்கற ஏட்டிஸ் (ஏர்போர்ட் தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்ற பதிவு) ஒண்ணைக் கேளுங்க. லைட் ஆன் பண்ணதும் அந்தக் குரல் மூழ்குதுன்னா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள திருப்பி அனுப்புங்க. நாலு மாசம் கழிச்சு விங்ல மாட்டிட்டு கண்டுபிடிச்சா எந்தக் கடைக்காரனும் எடுக்க மாட்டான். மாட்டிட்ட ஒருத்தர் கேக்கறாருன்னு தெரியும், ஆனா இதைப் படிக்கறவங்க பத்து பேர் இன்னும் மாட்டல.

கேள்வி: வயர் எத்தனை கேஜ், ஃபியூஸ் எவ்ளோ?

பதில்: ஃபியூஸ் வயரைக் காப்பாத்தத்தான், லைட்டைக் காப்பாத்த இல்ல. 18 கேஜ் டெஃப்செல் (பிளேன்ல போடற இன்சுலேஷன் வகை) வயர்னா 10 ஆம்ப் வரைக்கும், 20 கேஜ்னா 7.5, 22 கேஜ்னா 5. எல்இடி 3 ஆம்ப்தான் இழுக்குதுன்னா 20 கேஜும் 5 ஆம்ப் ஃபியூஸும் தாராளம். 100 வாட் ஹேலோஜன் 7 ஆம்ப் இழுக்கும், அங்கதான் வோல்டேஜ் டிராப் கடிக்கும். 18 கேஜ் அடிக்கு 0.0064 ஓம், போக 16 அடி வர 16 அடி, 0.2 ஓம், 7 ஆம்ப்ல 1.4 வோல்ட் வயர்லயே போயிடுது, இழைபல்புக்கு அவ்ளோ வோல்ட் கொறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் கிட்ட கொறையும். எல்இடிக்கு உள்ள ரெகுலேட்டர் இருக்கறதால அந்தத் தொல்லை இல்ல.

விங் மூடறதுக்கு முன்னாடி ஒரு காலி பைப்பும், உள்ள ஒரு இழுவை நூலும் போட்டு விடுங்க. நாளைக்கு வேற லைட் மாட்ட தோணும், தோணாம இருக்காது.

விக்-வாக், அதாவது ரெண்டு பக்கமும் மாறி மாறி மினுக்கறது வேணும்னா, ஹேலோஜன் காலத்து பழைய ஃப்ளாஷர் ரிலே எல்இடியோட கம்மி கரென்ட்டுல வேலை செய்யாம முழிக்கும், எலக்ட்ரானிக் ஃப்ளாஷரா பார்த்து வாங்குங்க. சில ஏவியேஷன் லைட்ல அது உள்ளயே இருக்கு, ஒரு தனி வயர் குடுத்தா போதும்.

கேள்வி: எந்தக் கோணத்துல திருப்பி வைக்கணும்? என்னுது டெயில்வீல்.

பதில்: டெயில்வீல்காரங்க இதுலதான் ஏமாறுவாங்க. தரையில நிக்கும்போது மூக்கு மேல தூக்கிக்கிட்டு இருக்கும், அந்த நிலைமையில சரியா வச்ச லைட் பறக்கும்போது மூக்குக்குக் கீழ மண்ணைத்தான் பார்க்கும். டெயிலை ஒரு ஸ்டாண்டு மேல தூக்கி வைங்க, கேபின் லாஞ்ஜெரான்ல (உடம்பு நீளத்துக்கு ஓடுற சட்டம்) லெவல் வச்சு நேராக்குங்க, லைட்ல இருந்து 25 அடி தள்ளி சுவர் வர்ற மாதிரி நிறுத்துங்க. லைட்டோட நடு மையம் தரையில இருந்து எவ்ளோ உயரமோ அதே உயரத்துல சுவர்ல ஒரு டேப் ஒட்டுங்க. 25 அடியில ஒரு டிகிரிக்கு அஞ்சு இன்ச் சொச்சம் வரும், லேண்டிங் பீமோட நடு அந்த டேப்புக்கு 16 இன்ச் கீழ, அதாவது 3 டிகிரி கீழ விழுந்தா தொடக்கத்துக்குப் போதும். இன்னொரு பக்கத்து டாக்சி ஃப்ளட்டை மட்டும் டெயிலை எறக்கி வச்சுட்டு, டெயில்வீல் தரையில இருக்கற நிலைமையிலயே தரையைப் பார்க்கற மாதிரி வைங்க, கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி. அப்புறம் இருட்டின பிறகு டாக்சி பண்ணிப் பார்த்துட்டு ஸ்க்ரூவைத் திருகிக்கலாம், அதனால அட்ஜஸ்ட் பண்ற மவுன்ட்டா வாங்குங்க.

கேள்வி: எங்க கிளப் செஸ்னா 172ல இதே ஆஃப்ரோடு லைட்டை மாட்டிடலாமா, ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் பொருந்துது?

பதில்: கூடாது. அது சர்டிஃபைடு பிளேன், அதுக்கு அப்ரூவல் உள்ள பார்ட்தான் போடணும். 4509 இருக்கற எடத்துலயே உட்கார்ற அப்ரூவ்டு பார்-36 (அந்த பல்போட சைஸ்) எல்இடி ஏவியேஷன் கம்பெனிங்ககிட்ட கிடைக்குது, அதை வாங்கி உங்க மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லி லாக்புக்ல கையெழுத்து வாங்கிக்கோங்க.