இரண்டு மாதப் பட்டியலில் டிசம்பர் எப்படி வந்தது? கல்லூரி, கம்பெனி, கணினித் திறன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்றாம் ஆண்டு பி.காம். படிக்கிறேன். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் எக்செல் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். நேர்முகத் தேர்வில் இதை மதிப்பார்களா? (மாணவி, விருதுநகர்)

பதில்: அறைக்குள் கூப்பிடும்வரை மதிப்பார்கள். அதற்குப் பிறகு உங்கள் கைதான் பேச வேண்டும்.

அண்மையில் ஒரு தேர்வில் தேர்வாளர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். ஒரு கடையின் ஏப்ரல், மே மாத விற்பனைப் பட்டியலைக் கொடுத்து, மாதவாரியாகக் கூட்டித் தரச் சொன்னோம். அவ்வளவுதான். வந்தவர்களில் பலர் ஃபில்டரில் ஏப்ரலைத் தேர்ந்தெடுத்து, மளமளவென்று கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். விடை தவறு. அந்தக் கணினி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். 05/04 என்று அடித்த ஏப்ரல் 5ஐ அது மே 4 ஆக்கியிருந்தது. 17/04 வந்ததும், பதினேழாம் மாதம் ஏது என்று வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரியும்: தேதியாக ஏற்றவை கட்டத்தின் வலப்பக்கம் நிற்கும், எழுத்தானவை இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெண் மட்டும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, "சார், இரண்டு மாதப் பட்டியலில் டிசம்பர் எப்படி வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். கம்பெனிகள் நடத்தும் பாடம் கல்லூரி மதிப்பெண்ணுக்குள் வந்தது பெரிய மாற்றம். ஆனால் பயிற்சி வீடியோவில் வரும் பட்டியல்கள் குளித்துத் தலைவாரி வருபவை. அலுவலகத்துப் பட்டியல் அப்படி வராது. பக்கத்துக் கடையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ அனுமதி கேட்டு, பெயர்களை நீக்கிய பழைய கணக்கு ஒன்றை வாங்குங்கள். அதைச் சரிசெய்து, என்னென்ன தவறு இருந்தது என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள்.

கேள்வி: எங்கள் தன்னாட்சிக் கல்லூரி ஒரு மென்பொருள் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இரண்டு சிறப்புரைகள் நடந்தன, அதோடு சரி. இனி என்ன கேட்பது? (துறைத் தலைவர், திருச்சி)

பதில்: ஒப்பந்தத்தை விடுங்கள், பாடத்திட்டக் குழுவைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரியின் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. பல இடங்களில் அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, கையெழுத்திட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். அவரிடம் மூன்று கேளுங்கள்: அவர்கள் அலுவலகத்தில் உண்மையாகவே வந்த ஒரு சிக்கல், இறுதியாண்டு புராஜெக்டுக்கு அவர்கள் ஆளே உட்கார்ந்து போடும் மதிப்பெண், கோடை விடுமுறையில் உங்கள் ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு வாரம் அவர்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், நாற்காலியைக் கேளுங்கள். மாணவர்கள் மூன்று ஆண்டுகளில் போய்விடுவார்கள், ஆசிரியர் முப்பது ஆண்டுகள் இருப்பார். நடத்துகிற மென்பொருளை வேலையில் ஒருநாள்கூடப் பயன்படுத்தாதவரை வகுப்பில் நிறுத்துகிறோமே, அது அவருக்கும் நாம் செய்யும் அநியாயம்.

முழுநேரமாக ஒருவர் வேண்டுமானால், 2022இல் யுஜிசி கொண்டுவந்த 'துறைசார் வல்லுநர் பேராசிரியர்' பதவி இருக்கிறது. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பம்பு உதிரிபாகப் பட்டறை எங்களுடையது. கல்லூரிகள் எங்களைத் தேடி வருமா? (கோயம்புத்தூர்)

பதில்: வராது, நீங்கள்தான் போக வேண்டும். உங்கள் ஸ்டாக் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் எந்தப் பெரிய கம்பெனியின் மாதிரிப் பாடத்தையும்விட நல்ல பாடம். தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி 4 முதல் 29 பேர் உள்ள நிறுவனங்கள் விரும்பினால் பழகுநரைச் சேர்க்கலாம்; 30 பேரோ அதற்கு மேலோ என்றால் கட்டாயம். பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கான தேசியத் திட்டத்தில், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. சேர்த்த பிறகு ஃபைல் அடுக்க மட்டும் வைக்காதீர்கள். கணக்கைக் கையில் கொடுங்கள், தவறினால் திருத்துங்கள்.

கேள்வி: மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். கூடவே சென்னை ஐஐடியின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டமும் படிக்கலாமா? (தந்தை, தஞ்சாவூர்)

பதில்: படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022இல் அனுமதித்துவிட்டது. அந்தப் பட்டத்துக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. தகுதித் தேர்வு உண்டு, வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகள் உண்டு, தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. வேலை அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தயக்கமாக இருந்தால் முதலில் ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் எட்டு வாரப் பைத்தான் பாடம் ஒன்றைப் படிக்கட்டும். படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் பணம். எட்டாவது வாரம் வரை அவளாகவே உட்கார்ந்து படித்தாள் என்றால் பட்டத்தில் சேருங்கள்.