1908 கோடைக்கு 'முழு செட்' உண்டா?

கேள்வி: நான் லண்டனை அடுத்த குராய்டனில் வசிக்கிறேன். எங்கள் பகுதி நாடகக் குழு அடுத்த ஆண்டு போடவிருக்கும் நாடகம் 1908 ஜூன் மாத லண்டனில் நடக்கிறது. உடைப் பொறுப்பு என் தலையில். இணையத்தில் ஒரு தரகர் 'எட்வர்டு கால அசல் கோடை செட்' என்று வெள்ளை லேஸ் கவுன், வெள்ளைக் காலணி, குடை மூன்றுக்கும் சேர்த்து 480 பவுண்டு கேட்கிறார். குடையில் 'செல்ஃப்ரிட்ஜஸ், 1908' என்று ஒரு சீட்டு தொங்குகிறது. ஒரே பெண்மணி ஒரே நாளில் வாங்கியவையாம். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, வாங்காதீர்கள். செல்ஃப்ரிட்ஜஸ் கடை ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் திறந்ததே 1909 மார்ச் 15ஆம் தேதிதான். திறக்காத கடையில் யாரும் குடை வாங்கியிருக்க முடியாது. சீட்டு பின்னாளில் யாரோ கட்டியது. ஆனால் அந்தச் சீட்டே இல்லாமல் இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். எனக்கு முதலில் உறுத்துவது 'செட்' என்ற சொல்.

ஏழாம் எட்வர்டு ஆண்டது 1901 முதல் 1910 வரை. அந்தக் காலத்தில் நாகரிகமான கோடை உடை என்பது ஒரே நாளில் வாங்கி வரக்கூடிய பொருள் அல்ல. ஜூனில் ஆஸ்கட் குதிரைப் பந்தயம், அடுத்து ஹென்லி படகுப் போட்டி, ஆகஸ்டில் கௌஸ் பாய்மரப் படகுப் போட்டி என்று வரிசையாக வரும். அதற்கான ஓட்டம் வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும். பிக்காடிலி சர்க்கஸில் ஸ்வான் அண்ட் எட்கர், ரீஜென்ட் தெருவில் டிக்கின்ஸ் அண்ட் ஜோன்ஸ் போன்ற ஜவுளிக்கடைக்குப் போனால் 'ஷாப்வாக்கர்' என்ற மேற்பார்வையாளர் எதிர்கொண்டு என்ன வேண்டும் என்று கேட்பார். உரிய கவுண்டருக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைப்பார். விற்பனைப் பெண் துணியையும் லேஸையும் மேசைமேல் விரித்துக் காட்டுவாள். சாதாரணக் கடைகளில் விலை பதினொன்றே முக்கால் பென்னியில் முடியும் (பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங்). மீதிக் கால் பென்னிக்குச் சில்லறை கொடுக்காமல் தாளில் குத்திய குண்டூசிகளைக் கையில் திணித்துவிடுவார்கள்.

துணி அங்கிருந்து தையல்காரியிடம் போகும். அளவெடுத்து, போட்டுப் பார்த்து, பிரித்துத் தைத்து முடிக்க நாளாகும். தொப்பி இன்னொரு இடத்தில், காலணி வேறொரு இடத்தில். ஹாரட்ஸ் மாதிரி பெரிய கடையில் எல்லாம் ஒரே கூரைக்கடியில் இருந்தாலும், பிரிவுக்குப் பிரிவு நடந்து தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். இடைப்பட்ட வழி ஒன்றும் இருந்தது: பாதி தைத்த கவுன். பூவேலை, லேஸ் எல்லாம் முடித்து, முதுகுத் தையலை மட்டும் போடாமல் விற்பார்கள். வாங்கியவள் தன் உடம்புக்கு ஏற்ப மூட்டிக்கொள்வாள். ஆகவே அசல் கவுனில் இன்றைய மாதிரி சைஸ் லேபிளைத் தேடாதீர்கள். சைஸ் லேபிள் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ரெடிமேடாகத் தாராளமாகக் கிடைத்தது ப்ளவுஸ். மலிவு ப்ளவுஸ் எப்படி மலிவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1906 மே மாதம் லண்டன் குவீன்ஸ் ஹாலில் கூலிச் சுரண்டல் தொழில்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. வீட்டில் உட்கார்ந்து அற்பக் கூலிக்குத் தைத்த பெண்களை அங்கே நேரில் உட்காரவைத்தே காட்டினார்கள். உங்கள் நாடகத்தில் வேலைக்குப் போகும் பெண் யாராவது வந்தால் அவளுக்கு ப்ளவுஸும் பாவாடையும் கொடுங்கள், லேஸ் கவுன் வேண்டாம்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அந்த 'முழு' செட்டில் தொப்பியே இல்லை. கையுறையும் இல்லை. 1908 ஜூனில் மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண் தொப்பியும் கையுறையும் இல்லாமல் தெருவில் இறங்கமாட்டாள். தரகர் மூன்று இடத்தில் மூன்று பொருளை வாங்கி, ஒரு கதையை நூலாக்கிக் கோத்திருக்கிறார். 'வீட்டைக் காலி செய்தபோது பாட்டியின் பெட்டியில் கிடைத்தது' என்ற கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கதை நீளமாக இருந்தால், தையலின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

கவுன் என்னவாக இருக்கும்? நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் 1970களில் இதே சாயலில் வெள்ளைக் கவுன்கள் குவிந்தன. அமெரிக்காவில் கன்னி சாக்ஸ், பிரிட்டனில் லாரா ஆஷ்லி இரண்டு உடை நிறுவனங்களும் அந்தப் பாணிக்குப் பேர்போனவை. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, தங்கள் பெயரைப் போட்டுத்தான் விற்றார்கள். லேபிளை வெட்டிவிட்டு 'எட்வர்டு காலம்' என்று விற்பவர்கள் பின்னால் வந்த தரகர்கள். பழைய இரவு அங்கியையும் உள்பாவாடையையும் கவுன் என்று தலையில் கட்டுபவர்களும் உண்டு. ஜிப் இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள், ஜிப் பெண்கள் உடைக்கு வந்தது 1930களில். அசல் கோடைக் கவுன் மெல்லிய மல் அல்லது லான் துணியில், வரிவரியாக 'பின் டக்' என்ற மெல்லிய மடிப்புத் தையலும் நடுவே லேஸ் பட்டையும் வைத்துத் தைத்தது. முதுகுப் பக்கம் சின்னக் கொக்கிகளோ பட்டன்களோ மூடும். பகல் உடை என்றால் கழுத்து தாடை வரை ஏறும், காலர் விறைப்பாக நிற்க உள்ளே சிறு குச்சிகள் இருக்கும். உட்தையல் பிசிறு தெரியாமல் மடித்துத் தைத்திருக்கும். துணி விளிம்பைச் சுற்றி நூல் பின்னும் ஓவர்லாக் இயந்திரத் தையல் ஓட்டியிருந்தால் விலகிவிடுங்கள்.

இனி விளக்குச் சோதனை. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், நல்ல துணிகள் இதனால் குப்பைக்குப் போகின்றன. புற ஊதா டார்ச் அடித்தால் வெள்ளைத் துணி நீலமாக ஒளிர்ந்தால் அது புதுசு, ஒளிராவிட்டால் பழசு என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. ஒளிர்வது துணிக்கு வெண்மை ஏற்றும் ரசாயனம். அது இன்றைய சலவைத்தூளிலும் இருக்கிறது. 1905இல் தைத்த கவுனை யாரோ ஒரு பேத்தி 1985இல் சலவை இயந்திரத்தில் போட்டிருந்தால் அதுவும் பளிச்சென்று ஒளிரும். நான் பழந்துணிப் பராமரிப்பில் இருப்பவள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏலக் கூடத்தில், டார்ச் அடித்த ஐந்து விநாடியில் 'போலி' என்று ஒதுக்கிய கவுனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பின் டக், காலர் குச்சி, முதுகுக் கொக்கி எல்லாம் அந்தக் காலத்தவை. எடுத்துச் சொன்னேன், கேட்க ஆளில்லை. அடுத்த வாரம் அது நாடக உடைக் குவியலில் போனது. இன்றும் வயிறு எரிகிறது. ஒளிராத துணியும் பழசு என்று ஆகாது, வெண்மை ஏற்றாத புதுத் துணியும் ஒளிராது. ஆகவே டார்ச் ஒரு கேள்வியைத்தான் எழுப்பும். பதிலுக்கு நூலைப் பாருங்கள். முக்கியத் தையலில் தொங்கும் நூல்முனை கொஞ்சத்தை வெட்டி, கவுனிலிருந்து தள்ளிவைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர், 1908இல் அது கிடையாது. பழுதுபார்த்த இடத்து நூலை எடுத்துச் சோதிக்காதீர்கள், பழுது எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

காலணிக்கு வருவோம். வெள்ளைக் கேன்வாஸ் காலணி கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் புல்வெளிக்கும் உரியது. அழுக்கானால் வெண்களிமண் பூசி வெளுப்பார்கள். 1908 லண்டன் தெருவில் குதிரை பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சாணம் எங்கும் கிடக்கும். தெருக் காட்சி என்றால் கறுப்பு அல்லது பழுப்புத் தோல் காலணியே பொருத்தம். சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் அன்று லண்டன் சந்தைக்கு ஏராளமாகப் போனது. உங்கள் கதாநாயகியின் காலில் நம்மூர்த் தோலும் இருந்திருக்கலாம். தரகர் காட்டும் காலணியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் அடி என்றால் பேச்சே வேண்டாம். கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டி, உட்பக்கம் ஜிப் ஒளித்த பூட்ஸும் இதே பெயரில் நிறைய விற்கிறது.

இணைய விற்பனைத் தளங்களில் 'எட்வர்டியன்' என்ற பெட்டியை யார் வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். சரிபார்க்க ஆளே கிடையாது. பிழையைச் சுட்டி எழுதினால் இயந்திரம் நன்றி சொல்லும், பதிவு அப்படியே இருக்கும். இதுவரை எத்தனை முறை எழுதியிருப்பேன்! சட்டத்தில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. நான் பார்த்த தரகர்கள் பலர் தனிநபர் கணக்கில்தான் விற்கிறார்கள். பணம் கட்டுமுன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒருவேளை எல்லாமே அசலாக இருந்தாலும் மேடைக்கு ஆகாது. கார்செட் என்ற விறைப்பான உள்ளாடை இறுக்கிய இடுப்புக்குத் தைத்த கவுன் இன்றைய நடிகைக்கு மூடாது. மூடினாலும் விளக்குச் சூட்டில், வியர்வையில் இரண்டு காட்சிக்குள் லேஸ் கிழியும். நூறு வருஷம் தாங்கிய துணியை ஒரு வாரத்தில் முடித்துவிடாதீர்கள். புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். பருத்தி லான் துணியும் பருத்தி லேஸ் பட்டையும் போதும்.

மாதிரிக்கு ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் என்ற லண்டன் கடையின் 1907 விலைப்பட்டியல் மறுபதிப்பாக வந்திருக்கிறது, பழைய புத்தகக் கடையில் தேடுங்கள். அசலை நேரில் பார்க்கக் கிழக்கு லண்டனில் 2025இல் திறந்த வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸுக்கு, அதாவது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்புக் கிடங்குக்குப் போங்கள். முன்பதிவு செய்தால் ஐந்து பொருள் வரை எடுத்துவைப்பார்கள், கட்டணமில்லை. மற்ற பல சேகரிப்புகளில் ஒரு கவுனைக் கண்ணால் பார்க்க மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. பொதுப் பணத்தில் காக்கும் துணியைப் பூட்டிவைத்தால் மக்கள் தரகரிடம்தானே போவார்கள்?

மிச்சப் பணத்தைத் தொப்பியில் போடுங்கள். 1907 ஜூனில் டேலிஸ் தியேட்டரில் 'மெர்ரி விடோ' இசை நாடகத்தில் நடிகை லில்லி எல்சி அகலத் தொப்பியோடு வந்தார். உடை வடிவமைத்தவர் லூசில். அதன்பின் தொப்பிகள் அகலமாகிக்கொண்டே போயின. கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பின் டக் தெரியாது, தொப்பி தெரியும். விளிம்பு தோளளவு விரியட்டும், நீண்ட ஊசியால் கொண்டையோடு குத்தி நிறுத்துங்கள், ஊசிமுனைக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள்.