பாலங்கள் எப்படி வடிவமைக்கப்படுகின்றன, எப்படிக் கட்டப்படுகின்றன: கேள்வி பதில்

பால வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சூத்திரங்களை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஓர் ஆற்றின் மேல் உத்திரப்பாலமா, வளைவுப்பாலமா, தொங்குபாலமா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

வடிவத்திலிருந்து யாரும் தொடங்குவதில்லை. தண்ணீரிலிருந்தும் மண்ணிலிருந்தும்தான் தொடங்குகிறோம். பெருவெள்ளத்தின்போது நீர்மட்டம் எவ்வளவு உயரும், ஆறு கரையை மாற்றிக்கொள்ளும் பழக்கமுள்ளதா, கீழே கப்பல் போவதானால் எவ்வளவு உயரமும் அகலமும் விட வேண்டும், துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளின்படி பாறை எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடைக்கிறது என்பவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஒரு கண்ணின், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின், நீளத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

அதன் பிறகு நடப்பது ஒரு பேரம். தூண்களை நெருக்கமாக வைத்தால் மேலே உள்ள உத்திரம் மலிவாகும், ஆனால் தண்ணீருக்குள் அடித்தளங்களின் எண்ணிக்கை கூடும். தூண்களைத் தள்ளி வைத்தால் இது தலைகீழாகும். கண்ணின் நீளம் இரட்டிப்பானால், மீட்டருக்கு அதே பாரம் இருந்தாலும், உத்திரத்தை வளைக்கும் திருப்புத்திறன் நான்கு மடங்காகிறது. அதைத் தாங்க உத்திரத்தைப் பருமனாக்கினால் அதன் சொந்த எடையும் ஏறுகிறது. ஆகவே 30, 40 மீட்டர் கண்ணுக்கு முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் உத்திரங்கள் போதும். 100 மீட்டரைத் தாண்டினால் பெட்டி வடிவ உத்திரம். அதற்கும் மேலே போனால் கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் வடங்கள். மிக நீண்ட கண்களுக்குத் தொங்குபாலம். துருக்கியில் 2022இல் திறக்கப்பட்ட சனாக்கலே தொங்குபாலத்தின் நடுக்கண் 2023 மீட்டர். வளைவுப்பாலம் தன் இரு கால்களையும் பக்கவாட்டில் உதைப்பதால், கரைகளில் நல்ல பாறை இருக்கும் இடத்தில் அதற்கு நிகரில்லை. இளகிய களிமண்ணில் அதை முயல்வது வீண் செலவு.

கடைசிக் கேள்வி, என் பார்வையில் முதல் கேள்வியும் கூட, அதை எப்படிக் கட்டுவது என்பதே. கீழே சாரம் கட்ட முடியுமா, பெரிய பாரந்தூக்கியை அங்கே கொண்டுபோக முடியுமா என்பதைப் பொறுத்து, தாளில் அழகாக இருந்த பல வடிவங்கள் முதல் கூட்டத்திலேயே கழிந்துவிடுகின்றன.

கேள்வி: ஓடும் தண்ணீருக்குள் தூணை எப்படி எழுப்புகிறார்கள்? தண்ணீரை முழுவதுமாக நிறுத்திவிடுவார்களா?

ஆழம் குறைந்த இடத்தில், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் எஃகுத் தகடுகளை வட்டமாகவோ சதுரமாகவோ அடித்து இறக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை மட்டும் இறைத்து வெளியேற்றி, உலர்ந்த தரையில் வேலை செய்வது உண்டு. ஆழம் கூடினால் பெரும்பாலும் துளைத்து வார்க்கும் பைல்களை, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்களை, நாடுகிறோம். அதில் தண்ணீரை வெளியேற்றுவதே இல்லை.

ஒன்று அல்லது இரண்டு மீட்டர் விட்டமுள்ள துளையை ஆற்றுப்படுகைக்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழத்துக்கு இறக்கும்போது, அதன் சுவர் சரிந்துவிடாமல் இருக்க மேற்பகுதியில் எஃகு உறையையும், கீழே பென்டோனைட் என்னும் களிமண் குழம்பையும் பயன்படுத்துகிறோம். பிறகு கம்பிக் கூட்டை இறக்கி, துளையின் அடிவரை ஒரு நீண்ட குழாயைச் செருகி, அதன் வழியே கான்கிரீட்டை ஊற்றுகிறோம். கான்கிரீட் அடியிலிருந்து மேலேறி, தன்னைவிட இலேசான குழம்பை மேலே தள்ளி வெளியேற்றும். குழாயின் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் இரண்டு மூன்று மீட்டர் புதைந்தே இருக்க வேண்டும் என்பது இங்கே கண்டிப்பான விதி. அவசரத்தில் குழாயைச் சற்று அதிகமாக உருவிவிட்டால் குழம்பு உள்ளே புகுந்து, பைலின் நடுவே மண்ணும் கான்கிரீட்டும் கலந்த ஒரு பலவீனமான அடுக்கு உண்டாகிவிடும். வெளியிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஒருவர் எடை கட்டிய அளவு நாடாவைத் துளைக்குள் மீண்டும் மீண்டும் இறக்கி, கான்கிரீட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே இருப்பார். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தாலே பைலின் தரத்தைப் பாதி சொல்லிவிடலாம்.

கிணற்று அடித்தளம் என்ற மற்றொரு முறையும் உண்டு. பெரிய கான்கிரீட் வளையத்தை ஆற்றில் நிறுத்தி, உள்ளே மண்ணை அள்ள அள்ள அது தன் எடையால் இறங்கும். மேலே சுவரை வளர்த்துக்கொண்டே போக வேண்டும். கிணறு சாய்ந்தால், உயர்ந்து நிற்கும் பக்கத்தில் மண்ணை அதிகமாக அள்ளி நிமிர்த்துவார்கள். முற்காலத்தில், அடியில் திறந்த பெரும் பெட்டிகளுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தண்ணீரைத் தடுத்து, ஆட்களை உள்ளே இறக்கித் தோண்டினார்கள். வெளியே வரும்போது அழுத்தம் விரைவாகக் குறைந்ததால் பலர் முடங்கினர், சிலர் இறந்தனர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் அந்நோயால் படுக்கையில் விழ, அவருடைய மனைவி எமிலி அவருடைய அறிவுறுத்தல்களைப் பணியிடத்துக்குக் கொண்டுசென்றார். பாலம் 1883இல் திறக்கப்பட்டது.

கேள்வி: கான்கிரீட் இழுத்தால் உடையும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 40 மீட்டர் கான்கிரீட் உத்திரம் எப்படி விரிசல் இல்லாமல் நிற்கிறது?

கான்கிரீட்டின் இழுவலிமை, அதன் அமுக்கவலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே லாரி ஏறி உத்திரத்தின் அடிப்புறத்தை இழுப்பதற்கு முன்பே, நாமே அந்த அடிப்புறத்தை அமுக்கி வைத்துவிடுகிறோம். வண்டிச் சக்கரத்தின் மேல் காய்ச்சி மாட்டிய இரும்புப் பட்டை குளிர்ந்து சுருங்கி மரத்துண்டுகளை இறுக்கிப் பிடிப்பதைப் போன்றது இது. உத்திரத்துக்குள் விட்டு வைத்த குழாய்களின் வழியே உயர்வலிமை எஃகு வடங்களைக் கோத்து, முனைகளில் ஜாக்கி வைத்து இழுத்து, ஆப்பு இறுக்கிப் பூட்டுவோம். இதுவே முன்தகைவுக் கான்கிரீட்.

யோசனை பழையது, ஆனால் நெடுங்காலம் பலிக்கவில்லை. கான்கிரீட் உலரும்போது சுருங்குகிறது, தொடர்ந்து அமுக்கப்பட்டால் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஒடுங்குகிறது. இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரை நெருங்கக்கூடும். சாதாரணக் கம்பியை இழுத்தால் அது நீள்வதே மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே இழுத்தது முழுவதும் வீணாயிற்று. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் பிரெய்சினே, 1910களின் தொடக்கத்தில் தாம் கட்டிய வளைவுப்பாலம் ஒன்றின் உச்சி நாளடைவில் தாழ்ந்துகொண்டே போவதைக் கண்டு, ஜாக்கி வைத்து அதைத் தூக்கி நிறுத்தினார். கான்கிரீட்டின் இந்த மெல்லிய ஒடுக்கத்தை அங்கேதான் அவர் நேரில் கற்றார். உயர்வலிமை எஃகைப் பயன்படுத்தினால் இழப்பு போக மீதி நிற்கும் என்பதை உணர்ந்து, 1928இல் காப்புரிமை பெற்றார். இன்றைய வடம் மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீள்கிறது. அதில் ஒன்று போனாலும் கவலையில்லை.

பணியிடத்தில் 40 மீட்டர் உத்திரத்தின் வடத்தை இழுக்கும்போது அது கால் மீட்டருக்கு மேல் வெளியே வரும். ஜாக்கியின் அழுத்தமானி காட்டும் விசையும், அளவுகோல் காட்டும் நீட்சியும் ஒத்துப்போக வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் நீட்சி குறைந்தால், வடம் உள்ளே எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். இழுக்கும் வேளையில் ஜாக்கிக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது.

கேள்வி: பாலத்தில் போகும்போது ஆங்காங்கே தடக் தடக் என்று அடிக்கிறதே, அந்த இடைவெளிகளை ஏன் மூடிவிடக்கூடாது?

மூடினால் பாலம் அதை ஏற்காது. 100 மீட்டர் எஃகுப் பாலம், வெப்பநிலை 40 டிகிரி மாறினால் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். கான்கிரீட்டுக்கு இது சற்றே குறைவு. அந்த நீட்சியை முழுவதும் தடுத்தால், எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் சுமார் 96 நியூட்டன் விசை, ஒரு வண்டி கூட ஏறாமலேயே, உண்டாகிவிடும்.

அதனால் உத்திரம் தூணின் மேல் நேரடியாக அமர்வதில்லை. இடையே ரப்பர் அடுக்குகளையும் எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி ஒட்டிய ஒரு பேரிங் இருக்கிறது. தகடுகள் ரப்பர் பிதுங்காமல் பிடித்துக்கொள்வதால் அது நூற்றுக்கணக்கான டன்களைத் தாங்கும்; ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் எளிதாகச் சாய்ந்து கொடுக்கும். நீங்கள் சொல்லும் இடைவெளியின் உண்மையான தொல்லை சத்தமன்று, கசிவுதான். மேலிருந்து வடியும் அழுக்குத் தண்ணீர் நேராக பேரிங் மீதும் உத்திரத்தின் முனை மீதும் விழுந்து துருவுக்கு வழி செய்கிறது. ஆகவே சிறிய பாலங்களை இடைவெளியே இல்லாமல் கரைச்சுவரோடு சேர்த்து வார்ப்பதைப் பலர் இப்போது விரும்புகிறார்கள். நானும் அந்தக் கட்சியே.

கேள்வி: டகோமா பாலம் காற்றின் ஒத்ததிர்வால் விழுந்தது என்று பாடநூலில் இருக்கிறது. சரியா?

முழுவதும் சரியன்று. அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம் 1940 ஜூலையில் திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் விழுந்தது. 853 மீட்டர் நடுக்கண்ணுக்கு அதன் பக்க உத்திரங்கள் வெறும் 2.4 மீட்டர் உயரம், அதுவும் காற்றுப் புகாத தகடுகள். ஒத்ததிர்வு என்றால் வெளியிலிருந்து ஒரு சீரான தாளம் வந்து, அது பாலத்தின் இயல்பான தாளத்தோடு பொருந்த வேண்டும். அன்று காற்றில் அப்படியொரு தாளம் இல்லை. தளம் முறுக்கிக்கொண்டபோது காற்று அதன் மேல் படும் கோணம் மாறியது. மாறிய கோணம் முறுக்கத்தை மேலும் வளர்த்தது. அசைவே தன்னை வளர்க்கும் விசையை உண்டாக்கிய நிகழ்ச்சி அது. 1950இல் எழுந்த புதிய பாலத்துக்குக் காற்று ஊடுருவும், ஆழமான சட்டகங்கள் அமைக்கப்பட்டன. இன்று எந்த நீண்ட பாலமும் காற்றுச் சுரங்கச் சோதனை இல்லாமல் கட்டப்படுவதில்லை.

கேள்வி: படைவீரர்கள் அடியெடுத்து வைத்தால் பாலம் விழுமா?

இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம் 1831இல் அணிவகுப்பின்போது விழுந்தது. அதிலிருந்துதான் பாலத்தில் நடைதாளத்தைக் கலைக்கும் வழக்கம் வந்தது. இதைவிட வியப்பானது, லண்டனில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மில்லேனியம் நடைப்பாலம். யாரும் கட்டளையிடாமலேயே, பாலம் பக்கவாட்டில் சற்று ஆட, நடப்பவர்கள் தடுமாறாமல் இருக்க அந்த ஆட்டத்துக்கேற்பக் கால் வைக்க, ஆட்டம் பெருகியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வு தணிப்பான்கள் பொருத்தி, 2002இல் மீண்டும் திறந்தார்கள்.

கேள்வி: கீழே சாரமே இல்லாமல் அந்தரத்தில் பாலம் வளர்வதைப் பார்த்தேன். அது பாதுகாப்பானதா?

தூணின் இருபுறமும் சமமாக, சில மீட்டர் நீளமுள்ள துண்டுகளாக வார்த்து, ஒவ்வொரு துண்டையும் முந்தையதோடு வடங்களால் இறுக்கி வளர்ப்பார்கள். எந்த நேரத்திலும் இருபக்க எடையும் ஒரு துண்டுக்கு மேல் வேறுபடக்கூடாது. துண்டின் எடையால் முனை தாழும் என்பதால், முன்கூட்டியே கணக்கிட்டு ஒவ்வொரு துண்டையும் சற்று உயர்த்தி வார்ப்பார்கள். வெயில் தளத்தை வளைத்துவிடும் என்பதால் மட்ட அளவுகளை விடியற்காலையில் எடுப்பார்கள்.

முறை பாதுகாப்பானதே, ஆனால் ஒரு பாலத்தின் வாழ்வில் ஆபத்து மிகுந்த பருவம் அது கட்டி முடியாத பருவம். கனடாவின் கியூபெக் பாலம் 1907 ஆகஸ்டு 29 அன்று பாதி கட்டிய நிலையில் விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தனர். கண்ணின் நீளத்தைக் கூட்டியபோது, பாலத்தின் சொந்த எடையைப் புதிதாகக் கணக்கிடவில்லை. அமுக்கவிசை தாங்கிய கீழ்ச்சட்டங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்தபோதும் வேலை நிற்கவில்லை. 1916இல் புதிய பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்கும்போது அதுவும் விழுந்து 13 பேர் இறந்தனர். 1917இல் நிறைவுற்ற அதன் 549 மீட்டர் கண், தூண்களிலிருந்து கைபோல வெளியே நீளும் (கான்டிலீவர்) பாலங்களில் இன்றும் உலகிலேயே நீளமானது.

கேள்வி: பெரிய பாலங்களுக்குப் பூமியின் வளைவையும் கணக்கில் எடுப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை. இங்கிலாந்தின் ஹம்பர் தொங்குபாலத்தில் இரு கோபுரங்களும் தத்தம் இடத்தில் செங்குத்தாகவே நிற்கின்றன. ஆனாலும் பூமி வளைந்திருப்பதால், அடியைவிட உச்சியில் 36 மில்லிமீட்டர் கூடுதலாக விலகியுள்ளன.

கேள்வி: பழைய பாலங்கள் பெரும்பாலும் எதனால் விழுகின்றன? நம்மைப் போன்றவர்கள் எதைக் கவனிக்கலாம்?

அதிகப் பாரத்தால் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர்தான் பெரிய எதிரி. வெள்ளத்தின்போது தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று, அடியில் உள்ள மண்ணை அரித்துக் குழியாக்குகிறது. வெள்ளம் வடியும்போது குழியில் இளகிய மணல் மீண்டும் நிரம்பிவிடுவதால், பிறகு பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி ஓடைப் பாலம் 1987இல் இப்படித்தான் விழுந்து 10 பேரைக் கொண்டுபோயிற்று.

அடுத்தது, கண்ணுக்கு மறைந்த துருவும் விரிசலும். 1967இல் அமெரிக்காவின் சில்வர் பாலம், இழுசங்கிலியின் ஒரே ஓர் இணைப்புத் துண்டில் இருந்த சிறு விரிசலால் விழுந்து 46 பேர் இறந்தனர். அந்த ஒரு துண்டு போனால் தாங்கிக்கொள்ள வேறு வழி அதில் இல்லை. அதன் பிறகே அந்நாட்டில் பாலங்களைக் குறித்த இடைவெளியில் ஆய்வு செய்யும் தேசிய விதி வந்தது.

நீங்கள் கவனிக்கக்கூடியவை சில உண்டு. தூணின் அடியில் முன்பு புதைந்திருந்த கான்கிரீட் பகுதி வெளியே தெரிவது, உத்திரத்தின் அடியில் பழுப்புக் கறை ஓடிக் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிவது, கைப்பிடிச் சுவரின் நேர்கோடு ஓரிடத்தில் திடீரென உடைந்து தாழ்வது ஆகியவை. மூன்றில் கடைசியானதைக் கண்டால் மறுநாள் வரை பொறுத்திருக்காமல், அன்றே உரிய அலுவலகத்துக்குப் படத்தோடு தெரிவியுங்கள்.