டென்னிஸ் பந்தில் சிக்ஸர், லெதர் பந்தில் போல்டு: தவறு பேட்டிலா, காலிலா?

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் பாலக்கோடு, வேலை ஓசூரில். பள்ளிக் காலத்திலிருந்து டென்னிஸ் பந்து டோர்னமென்ட்களில் ஓப்பனிங் ஆடுகிறேன், சுற்றுவட்டாரத்தில் ஓரளவு பெயரும் உண்டு. போன வருடம் கம்பெனி அணிக்காக லெதர் பந்தில் ஆட ஆரம்பித்தேன். ஏழெட்டுப் பந்துக்குள் போல்டு, இல்லாவிட்டால் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்கு நேராக வரும் பந்து காலில் பட்டு அவுட்). அதில் தப்பினால் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் கேட்ச். கடைக்காரர் ‘இங்கிலீஷ் வில்லோ எடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று 18,000 ரூபாய்க்கு அந்த இங்கிலாந்து மரத்தில் செய்த ஒரு பேட் காட்டினார். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் மூன்று மாதத்தில் டெக்னிக்கை மாற்றி, சென்னை லீக்கில் ஒரு டிவிஷன் அணியிலும் சேர்த்துவிடுகிறேன் என்று தனியாகப் பணம் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம், பேட்டுக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் அவுட் ஆகும் மூன்று விதத்துக்கும் வேர் ஒன்றாகத்தான் இருக்கும். அது உங்கள் முன்கால்.

நம் ஊர் டென்னிஸ் பந்து மேட்ச்களில் பெரும்பாலும் எல்பிடபிள்யூ கிடையாது. பந்து காலில் பட்டால் அடுத்த பந்துக்குப் போய்விடுவார்கள். வருடக்கணக்கில் அப்படி ஆடியவருக்குக் கால் எங்கே விழுகிறது என்ற கவலையே வருவதில்லை. அது நேராக மிடில் ஸ்டம்புக்கு முன்னால் வந்து குத்துக்கல் மாதிரி நின்றுவிடும். அதற்குப் பிறகு பேட் நேராக இறங்க வழியே இல்லை, காலைச் சுற்றிக்கொண்டு குறுக்கே வந்தாக வேண்டும்.

டென்னிஸ் பந்தில் இது குறையாகத் தெரியாது. அந்தப் பந்து 58 கிராம் அளவுதான் இருக்கும். காற்றிலேயே வேகம் குறைந்து, குத்தியதும் வயிற்று உயரத்துக்கு எழும்பும். குறுக்கே வீசினாலும் மிட்விக்கெட்டுக்கு மேல் பறக்கும். லெதர் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். அது எழும்பி உங்களுக்காகக் காத்திருக்காது, சறுக்கிக்கொண்டு வரும். நடுவில் தையல் இருப்பதால் குத்திய இடத்திலிருந்து உள்ளேயோ வெளியேயோ கொஞ்சம் நகரும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போடும் உள்ளூர் பவுலரின் பந்துகூட கையிலிருந்து உங்களிடம் வர அரை விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த நேரத்தில் பேட் காலைச் சுற்றி வந்து சேர வேண்டும். நேராக வந்தால் பந்து பேடில் (காலில் கட்டும் கவசத்தில்) படும், எல்பிடபிள்யூ. உள்ளே திரும்பினால் பேட்டுக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைத் தட்டும். வெளியே போனால் விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடுங்கள். வலைப்பயிற்சியில் பவுலர் பக்க ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு செல்போனை நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுங்கள். பேட்டில் பந்து படும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். தலை ஆஃப் பக்கம் சாய்ந்து, முன்கால் நடு ஸ்டம்பை மறைத்தால் சந்தேகமே வேண்டாம். கைபேசி இல்லாவிட்டாலும் பேட்டே சொல்லும். பேட்டின் முகத்தைத் துடைத்துவிட்டு, புதுப் பந்தில் அரைமணி ஆடிய பிறகு சிவப்புத் தடங்களைப் பாருங்கள். நடுவில் ஒரு கை அகலத்துக்குள் கூடியிருந்தால் நல்லது. வெளி விளிம்பிலும் அடி நுனியிலும் சிதறிக் கிடந்தால், உடம்பை விட்டுத் தள்ளி எட்டி ஆடுகிறீர்கள் என்று அர்த்தம்.

திருத்தம் காலிலிருந்து தொடங்காது, தலையிலிருந்து தொடங்க வேண்டும். தலை பந்தின் கோட்டை நோக்கி முதலில் சாய்ந்தால் கால் தானாகப் பின்தொடரும். காலை முதலில் தூக்கிப் போட்டால் தலை ஆஃப் பக்கம் விழும். முன்கால் பந்து குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும், அதன் மேல் போகக் கூடாது. பேட் இறங்க ஒரு சாண் இடம் விடுங்கள். கால் கட்டைவிரல் கவர் பக்கமோ மிட்-ஆஃப் பக்கமோ பார்க்கட்டும். மிடில் ஸ்டம்புக்கு நேராகப் பேட்டை ஊன்றி நிற்பவராக இருந்தால், கொஞ்ச நாளைக்கு மிடில் ஸ்டம்புக்கும் லெக் ஸ்டம்புக்கும் நடுவில் மாறிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு அகாடமி தேவையில்லை. பழைய சாக்ஸில் ஒரு லெதர் பந்தைப் போட்டு, மாமரக் கிளையிலோ வீட்டு விட்டத்திலோ முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். மேல் கையால் இறுக்கிப் பிடித்து, கீழ்க் கையின் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் பேட்டைத் தொட, மெதுவாக நேர்க்கோட்டில் தட்டுங்கள். நேராகப் பட்டால் பந்து போன வழியே திரும்பி வரும். குறுக்கே பட்டால் வட்டமடிக்கும். தொடர்ந்து இருபது தடவை நேராகத் திரும்பும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். அப்புறம் ஒரு நண்பரை பத்துப் பன்னிரண்டு கெஜம் தள்ளி நிற்கவைத்து, கீழ்க்கையாக எறியச் சொல்லுங்கள். பந்து கண்ணுக்குக் கீழே வரும்வரை பொறுத்து, காலடியிலேயே அதைச் சாகடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு அடிக்கவே கூடாது. டென்னிஸ் பந்து ஆட்டக்காரருக்கு மிகவும் கஷ்டமான கட்டளை இதுதான், ஆனால் இதைத் தாண்டாமல் வேறெதுவும் ஒட்டாது. பயிற்சிக்கு கார்க் பந்தை மட்டும் எடுக்காதீர்கள். அது கல் மாதிரி கெட்டி, பேட்டும் கெடும், விரலும் உடையும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலரைக் கெடுக்கிறார்கள். பேட்டைப் பின்னால் தூக்கும்போது அது விக்கெட் கீப்பரை நோக்கி நேராகப் போக வேண்டும் என்று சிலர் கட்டாயப்படுத்துவார்கள். உங்கள் பேட் ஸ்லிப்பையோ கல்லியையோ நோக்கிப் போனால் அதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டான் பிராட்மேனின் பேட் அப்படித்தான் போனது. சிறுவயதில் ஆஸ்திரேலியாவின் பவ்ரல் ஊரில், தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகியவர் அவர். யாரும் அவர் தூக்கும் விதத்தைத் திருத்தவில்லை. டெஸ்டில் அவர் சராசரி 99.94. ஸ்டீவ் ஸ்மித்தின் பேட்டும் அகலமாகத்தான் போகிறது. இருவருக்கும் பொதுவானது, பந்து வரும் நேரத்தில் பேட் நேராக இறங்கிவிடும். ஆகவே வீடியோவில் பேட் இறங்கும் கோட்டைப் பாருங்கள். இறக்கம் நேராக இருந்தால், எந்தக் கோச் சொன்னாலும் தூக்கும் விதத்தில் கை வைக்கவிடாதீர்கள். இறக்கமும் குறுக்கே இருந்தால், முதலில் காலைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் பேட்டும் சரியாகியிருக்கும்.

இனி பேட். இங்கிலீஷ் வில்லோ பந்தைத் தூரம் அனுப்பும், நேராக அடிக்கச் சொல்லித்தராது. நீங்கள் ஆடப்போகும் மேட்டிங் (விரிப்பு விரித்த) பிட்ச்சுக்கு நல்ல காஷ்மீர் வில்லோ போதும், அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குள் கிடைக்கும். டென்னிஸ் பந்துக்கென்று பின்பக்கம் குடைந்த பேட்டை மட்டும் கொண்டுவராதீர்கள், காலடியில் குத்தும் யார்க்கரில் பிளந்துவிடும்.

கடைகளில் நடப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். காஷ்மீர் வில்லோவை வெளுப்பாக்கி, பெரிய பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டி இங்கிலீஷ் வில்லோ என்று விற்கிறார்கள். ஆடித் தேய்ந்த பேட்டை இழைத்து, விரிசலில் பசை நிரப்பி, மேலே புது பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிப் புதிது என்று தள்ளுகிறார்கள். வாங்கும் முன் ஷீட்டை உரிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் கடையை விட்டு வெளியே வாருங்கள். அடி நுனியைத் திருப்பி, பூச்சில்லாத மரத்தில் பசைக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பிடி பலகைக்குள் இறங்கும் வி வடிவ இணைப்பில் நகம் போகும் இடைவெளி இருக்கக் கூடாது. தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். 1,200 கிராமுக்கு மேல் போனால் உங்களுக்கு வேண்டாம். ‘ரெடி டு பிளே’ என்று எழுதியிருந்தாலும் லேசாக ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் சில மணிநேரம் தட்டிப் பழக்கிய பிறகே புதுப் பந்தைத் தொட வேண்டும்.

சென்னை டிவிஷனில் சேர்த்துவிடுகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த லீக்கை நடத்துவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். ஆட்டக்காரரை எடுப்பது கிளப். ஆட்டம் தெரிந்தவரைத் தேடி எடுக்க அவர்களுக்கு நடுவில் ஆள் தேவையில்லை. இந்தத் தரகர்களின் வழி ஒரே மாதிரிதான். பிரபலமான ஆட்டக்காரரோடு எடுத்த போட்டோ காட்டுவார்கள், முதலில் ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒரு தொகை, பிறகு கிட், அப்புறம் தங்கும் செலவு. கேட்டால் நம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொல்வார்கள். அவர் டென்னிஸ் பந்திலிருந்து டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வழியாக 2020-இல் இந்திய அணிக்கு வந்தது உண்மை. ஆனால் அவர் பவுலர். யார்க்கர் எந்தப் பந்திலும் யார்க்கர்தான். பேட்டிங் அப்படி இல்லை, மறுபடி கற்றாக வேண்டும். 2023 முதல் டிஎன்பிஎல்லுக்கும் ஏலத்தில்தான் எடுக்கிறார்கள். உங்களுக்கு 26 வயது. 19, 23 வயதுக்குட்பட்டோர் அணிகளின் கதவு மூடிவிட்டது. கம்பெனி டோர்னமென்ட்டும் மாவட்ட லீக்கும்தான் உங்கள் பாதை, அதில் குறைவு ஒன்றும் இல்லை.

தரகர்கள் ஏன் பெருகுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேலம் வாழப்பாடி அருகே 2020-இல் நல்ல மைதானம் வந்தது. பென்னாகரத்துப் பையனுக்கும் தேன்கனிக்கோட்டைப் பையனுக்கும் வாரத்தில் இரண்டு நாள் புல்தரை பிட்ச்சில் பந்தைச் சந்திக்க ஏற்பாடு எங்கே? பையன் முதல் பஸ் பிடித்து செலக்‌ஷனுக்கு வந்து, உச்சி வெயிலில் மதியம்வரை காத்திருந்து, ஆறு பந்து ஆடிவிட்டுத் திரும்புகிறான். ஆறு பந்தில் யாருடைய பேட்டிங்கை எடைபோட முடியும்? ஆளுக்கு மூன்று ஓவர் கொடுக்க ஒரு நாள் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அதைச் செய்யாதவரை ‘நான் உள்ளே சொல்லிவிடுகிறேன்’ என்பவனுக்கு வியாபாரம் குறையாது.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம், அந்த 2,000-க்கு இடுப்புக்குக் கீழே அணியும் கார்டும் நல்ல கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் வைத்திருக்கும் பணத்தில் பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புத் தர முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்த மேட்ச்சில் முதல் இரண்டு ஓவருக்கு, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடவே வேண்டாம். ஸ்டம்புக்கு வருவதை மட்டும் நேர் பேட்டில் தடுங்கள்.