தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா?

ஐயா,

கும்பகோணம் பக்கம். புற்றுநோய் வார்டில் 14 வருடமாக நர்ஸ். கீமோ ஏற்ற நரம்பு தேடிப் பழகிய கை. இந்த வைகாசியில் என் மார்பிலேயே கட்டி. மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ-1 பாசிட்டிவ், மார்பு, சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மரபணுப் பிறழ்வு. அத்தை 1991-ல் 38 வயதில் ‘வயித்துக் கட்டி’யில் போனார், சினைப்பைப் புற்றாக இருந்திருக்கும் என்று இப்போது உறைக்கிறது. தங்கையிடம் சொல்லிவிட்டேன். அத்தை மகள்களிடம் சொல்ல அம்மா விடவில்லை. “நாளைக்கு நம்ம வீட்டுப் பெண்களை யார் கேட்டு வருவார்கள்?” என்கிறார். ஊசிக்குத் தம்பிதான் வண்டியில் கூட்டிப்போகிறான், அவனுக்கும் இரண்டு பெண்கள். என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

சகோதரிக்கு,

தம்பியை வண்டி ஓட்டுகிறவராக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அத்தையிடம் இருந்த பிறழ்வு உங்களிடமும் இருக்கிறதென்றால் அப்பா வழியாகத்தான் வந்திருக்கும். அவருக்கு நோய் வராததால் யாரும் அந்தப் பக்கம் பார்த்திருக்க மாட்டார்கள். தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு இல்லையென்றால் அந்தக் குழந்தைகளுக்கு அவர் வழியாக வராது. அவருக்கு இருந்தாலும் இப்போதே குழந்தைகளைச் சோதிக்க வேண்டியதில்லை, 18 தாண்டி அவர்களே முடிவெடுக்கட்டும்.

அத்தை மகள்கள் விஷயம் இதைவிட அவசரம். அத்தை போன வருடத்தைப் பார்த்தால் அவர்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். சினைப்பைப் புற்றை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. அதனால்தான் இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்திருந்தால், 35-40 வயதிலேயே சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். அத்தைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. இந்த மரபணு பிடிபட்டதே 1994-ல். அவர் மகள்களுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் துருவுவார்கள் என்று அவருக்குத் தெரியும். (ஜாதகத்தில் எட்டாம் இடத்தை அலசுவார்கள், ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள், அது வேறு கதை.) ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். ரத்த சொந்தத்துக்கு மட்டும், தனித்தனியாக. உங்கள் ரிப்போர்ட்டின் நகலையும் கொடுங்கள். எந்தப் பிறழ்வு என்று அதில் இருக்கும். அதை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும்.

வார்டில் பேசுகிற குரலில் தம்பியிடம் பேசாதீர்கள், பயந்துவிடுவார். வண்டியில் போகும்போதும் வேண்டாம், ஹெல்மெட்டுக்குள் பாதி காதில் விழாது. அடுத்த ஊசி முடிந்து திரும்பும்போது, உடம்பு இடம் கொடுத்தால், ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லுங்கள்.