க்யூப்லெட் ஓடுகிறது, கிளஸ்டர் ஓடவில்லை

கேள்வி: க்யூப்அட்மின் என்ற நிறுவும் கருவி மூலம் அமைத்த க்யூபர்நெட்டிஸ் (கண்டெய்னர்களைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டர், ஒரே மாஸ்டர் சர்வர். கரண்ட் போய் வந்ததிலிருந்து கிளஸ்டரோடு பேசும் கட்டளையான க்யூப்சிடிஎல் எதைக் கேட்டாலும் 6443 போர்ட்டில் இணைப்பு மறுக்கப்படுகிறது. சர்வீஸ்களின் நிலை காட்டும் சிஸ்டம்சிடிஎல்லில், கண்டெய்னர்களை எழுப்பும் சர்வீஸான க்யூப்லெட் 'ஆக்டிவ்' என்றே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த கன்சல்டன்ட், எல்லாவற்றையும் ரீசெட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. ரீசெட் கொடுத்தால் அந்த சர்வரில் உள்ள எட்சிடி என்ற தரவுத்தளத்தின் தரவும் போய்விடும். உங்கள் கிளஸ்டரின் மொத்த நினைவும் அதில்தான். பேக்கப் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் ரீசெட் என்பவர் லாகைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். பழுது பார்த்தால் ஒரு மணி நேரக் கூலி, புதிதாக நிறுவினால் முழு பில். இப்படிப்பட்டவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

அந்த 'ஆக்டிவ்' க்யூப்லெட்டுக்கு மட்டுமே. க்யூப்சிடிஎல்லுக்குப் பதில் சொல்லும் ஏபிஐ சர்வரும் எட்சிடியும் அது எழுப்பிவிடும் கண்டெய்னர்கள். அவை விழுந்து விழுந்து எழுந்தாலும் சிஸ்டம்சிடிஎல் பச்சையாகவே காட்டும். மாஸ்டரில் சிஆர்ஐசிடிஎல் என்ற கட்டளை கொண்டு, நின்றுபோன கண்டெய்னர்களையும் சேர்த்துப் பட்டியலிடுங்கள். முதலில் எட்சிடியின் லாக், அப்புறம் ஏபிஐ சர்வருடையது. கடைசி இருபது வரி போதும். டிஸ்க் நிரம்பியிருந்தால் அங்கேயே தெரியும்.

'சர்டிஃபிகேட் காலாவதி' என்று வந்தால் நிம்மதி. க்யூப்அட்மின் தரும் பெரும்பாலான சர்டிஃபிகேட்டுகளுக்கு, மாற்றி அமைக்காவிட்டால், ஆயுள் ஒரே வருடம். வெர்ஷன் உயர்த்தும்போது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். உயர்த்தாதவரை யாரும் எச்சரிக்க மாட்டார்கள். இதையும் ஒரு வடிவமைப்பு என்கிறார்கள்!

ஒரு விதிவிலக்கு. கே3எஸ் (க்யூபர்நெட்டிஸின் இலகு வடிவம்) வைத்திருப்பவர்கள் க்யூப்லெட் என்ற சர்வீஸைத் தேடாதீர்கள், இருக்காது. அதில் எல்லாமே கே3எஸ் என்ற ஒரே சர்வீஸுக்குள். ஏபிஐ சர்வரின் லாகும் க்யூப்லெட்டின் லாகும் ஜர்னல்சிடிஎல்லில் அந்தப் பெயரில்தான் கலந்து வரும். வொர்க்கர் சர்வரில் பெயர் கே3எஸ்-ஏஜென்ட். 'காணவில்லை' என்று வந்ததால் க்யூப்லெட்டைத் தனியாக நிறுவி, இருந்ததையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லாகில் சர்டிஃபிகேட் காலாவதி என்று வந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள். எட்சிடி ஃபோல்டரையும் க்யூபர்நெட்டிஸ் ஃபோல்டரையும் வேறு இடத்தில் நகலெடுத்த பிறகு, க்யூப்அட்மினில் சர்டிஃபிகேட் தேதிகளைப் பார்த்துப் புதுப்பியுங்கள். மேனிஃபெஸ்ட் ஃபோல்டரில் (க்யூப்லெட் எந்தக் கண்டெய்னர்களை எழுப்ப வேண்டும் என்ற குறிப்புகள் இருக்குமிடம்) உள்ள நான்கு ஃபைல்களையும் வெளியே நகர்த்தி, இருபது விநாடி பொறுத்துத் திரும்ப வையுங்கள். புதிய அட்மின் கான்ஃபிக் ஃபைலை உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதன் மேல் நகலெடுங்கள். இதை மறந்தால், கிளஸ்டர் சரியான பிறகும் க்யூப்சிடிஎல் சர்டிஃபிகேட் காலாவதி என்றே சொல்லும்.